முன்சக்கரம் உதறும் பிக்கப்: டாம்பரா, அலைன்மெண்ட்டா, பான்ஹார்ட் ராடா?

டாம்பரை (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை) மாற்றியதும் உதறல் நின்றுவிட்டது என்று சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, நின்றுதான் இருக்கும். சில மாதம் கழித்து அதே வண்டியைப் பற்றி அதே ஆளிடம் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கடுமையாக உதறும் பிக்கப்புக்கு யாரைக் கேட்டாலும் ஒரு மருந்து கையில் வைத்திருப்பார்கள். டாம்பர் போடு, வீல் பேலன்ஸ் செய், காஸ்டரை (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வை) கூட்டு, பான்ஹார்ட் ராடை (ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பியை) மாற்று, எல்லா மூட்டுகளும் அடங்கிய முழுக் கிட்டையும் வாங்கிப் போடு, டயரைச் சின்னதாக்கு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டியில் வேலை செய்திருக்கிறது என்பதுதான் சிக்கலே. எல்லாவற்றையும் செய்தால் எப்படியும் சரியாகிவிடும். ஆனால் வண்டி விலையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்பதே உண்மையான முடிவு. ஆட்டம் எந்த மூட்டில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் எந்தச் சாமானையும் வாங்கக் கூடாது, டாம்பரைக் கடைசியில்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

எந்த உதறல் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஸ்டியரிங் நடுங்குவதெல்லாம் ஒரே நோய் இல்லை. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சன்னமாக நடுங்கி, அதைத் தாண்டியதும் அடங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்ஸ் கோளாறு. பிரேக்கை மிதித்தால் மட்டும் ஸ்டியரிங் துடித்தால் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. நடுக்கம் கையில் தெரியாமல் இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் அது மாறினால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் அதன் யூனிவர்சல் ஜாயிண்ட்டையும் பார்க்க வேண்டும்.

நாம் இங்கே பேசுவது இவற்றில் எதுவும் இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி ஒரு குழியிலோ பாலத்தின் இணைப்பிலோ ஏறி இறங்கும். அந்த ஒரு தட்டில் இரண்டு முன்சக்கரங்களும் இடமும் வலமுமாக வெட்டத் தொடங்கும். ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், டேஷ்போர்டு குலுங்கும். தட்டு முடிந்துபோன பிறகும் ஆட்டம் நிற்காது. வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். வழக்கமாக மணிக்கு 70 முதல் 100 கி.மீ. வேகத்தில் இது வரும்.

ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் ஸ்டியரிங்கை இரு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, பின்னால் வருபவர்களை மனதில் வைத்து நிதானமாக வேகத்தைக் குறைப்பதே வழி. கட்டைவிரல்களை ஸ்டியரிங் வட்டத்துக்கு உள்ளே கொடுத்துப் பிடிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டினால் தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஒதுக்கி நிறுத்திய பின் கீழே குனிந்து பார்க்காமல் திரும்ப ஓட்டவும் கூடாது. அந்த உதறலே சில போல்ட்டுகளைத் தளர்த்தியிருக்கலாம்.

இது பெரும்பாலும் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு ஆக்சில் இணைக்கும் வண்டிகளின் நோய். ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை, நிஸ்ஸான் பேட்ரோல் பிக்கப், ஜீப் ராங்ளர் எல்லாம் இந்த இனம். இப்போது வரும் ஹைலக்ஸ், டி-மாக்ஸ் போன்றவற்றில் முன்சக்கரங்கள் தனித்தனியே தொங்குகின்றன. அவற்றில் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்ஸ், கண்ட்ரோல் ஆர்ம் புஷ் (கையின் முனையிலுள்ள ரப்பர் உறை), பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) என்று தேடுவதே சரி. கீழே சொல்லப்போகும் பான்ஹார்ட் ராடே அவற்றில் கிடையாது.

ஒரே ஆக்சிலில் மட்டும் ஏன் என்று புரிந்தால் மற்ற எல்லா முடிவும் சுலபம். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்சில் முழுவதும் சாய்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது கைராஸ்கோப் குணத்தால் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பம் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு வழியாக எதிர்ச் சக்கரத்துக்கும் போகிறது. டயரின் ரப்பர் அதைத் திருப்பித் தள்ளுகிறது, ஆக்சில் எதிர்ப்பக்கம் சாய்கிறது, மறுபடியும் திருப்பம். ஒவ்வொரு சுற்றிலும் மூட்டுகளின் இறுக்கமும் உராய்வும் இந்த ஆட்டத்தின் சக்தியைக் கொஞ்சம் தின்றுவிட்டால் அது செத்துவிடும். எங்காவது ஒரு மூட்டில் பிளே, அதாவது தளர்வு, இருந்தால் அந்த இடைவெளிக்குள் தடையே இல்லாமல் ஆட்டம் வளர்கிறது.

வேகக் கணக்கும் இதில் ஒத்துப்போகிறது. 80 செ.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு சுமார் 2.5 மீட்டர். மணிக்கு 90 கி.மீ. என்பது நொடிக்கு 25 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்கு 10 முறை சுற்றுகிறது. கனமான முன் ஆக்சில் டயர் மீதும் ஸ்பிரிங் மீதும் தானாகக் குதிக்கும் அதிர்வும் ஏறத்தாழ இந்தப் பக்கம்தான். பேலன்ஸ் இல்லாத சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு கொடுத்தால் அது சரியான தாளத்தில் விழுகிறது. பழைய கார்களிலும் இந்தத் தொல்லை இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1934-இல் முன்சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிட்டதற்குப் பயண சுகம் முக்கியக் காரணம் என்றாலும், இந்த உதறலிலிருந்து விடுபடுவதும் அதோடு சேர்ந்து கிடைத்த பலன்.

டாம்பர்: சுலபமான வழி, அதனாலேயே ஆபத்தான வழி

டாம்பர் என்பது ஸ்டியரிங் கம்பிகளுக்குக் குறுக்கே படுத்திருக்கும் ஒரு ஷாக் அப்சார்பர். இரண்டு போல்ட்டு, அரை மணி நேர வேலை. பலருக்கு இதுவே முதல் யோசனையாக வருவதில் ஆச்சரியம் இல்லை. கம்பெனிகளே இந்த வழியில் போயிருக்கின்றன. 2018 மாடலிலிருந்து வந்த ஜீப் ராங்ளருக்கு 2019-இல் புது டாம்பரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

புது டாம்பர் ஒவ்வொரு சுற்றிலும் சக்தியைத் தின்கிறது. அதனால் உதறல் தொடங்கத் தேவையான தட்டு பெரிதாகிறது. ஆனால் பிளே அங்கேயே இருக்கிறது. அது வளர வளர டாம்பர் தின்ன வேண்டியதும் கூடுகிறது. கீல் தளர்ந்த கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்த கதைதான். நாற்காலி உடையும்போது கீலும் முழுதாகப் போயிருக்கும்.

இன்னொரு தீங்கு, அது எச்சரிக்கை மணியை அமுக்கிவிடுவது. பால் ஜாயிண்ட் தேய்ந்தால் வண்டி சும்மா உதறிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓடாது. ஒருநாள் கழன்று வரும். 2003 முதல் 2008 வரையிலான ராம் 2500, 3500 நான்குசக்கர இயக்க வண்டிகளை 2013-இல் திரும்ப அழைத்ததற்குக் காரணம் இடது டை ராடின் பால் ஸ்டட் (உருண்டை மூட்டின் தண்டு) முறியக்கூடும் என்பது. அந்த மாதிரி மூட்டை டாம்பருக்குப் பின்னால் மறைத்து வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஒன்றுக்கு இரண்டாக டாம்பர் மாட்டும் கிட்டுகளை இதே காரணத்துக்காகச் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பேன். கேஸ் நிரப்பிய ஒற்றை டாம்பர் தன் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் வண்டி லேசாக ஒருபக்கம் இழுப்பதும் உண்டு.

அதற்காகப் பழைய டாம்பரைக் கழற்றித் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எண்ணெய் கசிந்தால், கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளும்போது நடுவில் காலியாக ஓடினால், மாற்றத்தான் வேண்டும். மூட்டுகளைச் சரி செய்த பிறகு மாற்றுங்கள். நல்ல நிலையில் இருக்கும் முன்பக்கம் தட்டைத் தாங்க டாம்பரை நம்பி இருக்கக் கூடாது. டாம்பர் அதற்கு மேல் கிடைக்கும் பாதுகாப்பு.

டயர்: காசில்லாமல் பார்க்கக்கூடியது

டயர் தனியாக இந்த உதறலை உண்டாக்குவது குறைவு. தூண்டிவிடுவது மிக அதிகம். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் செலவே இல்லாமல் பார்க்க முடியும் என்பதுதான். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போடுங்கள். உதறலின் குணம் மாறினால் டயருக்கும் இதில் கை இருக்கிறது. காற்று அளவு எழுதப்பட்டதைவிடக் கூடுதலாக இருந்தால் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதிகக் காற்றடித்த கெட்டியான டயர் ஒவ்வொரு தட்டையும் அப்படியே ஆக்சிலுக்குக் கடத்தும். டிரெட் எங்காவது மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா, பக்கச் சுவரில் புடைப்பு உண்டா என்றும் கையால் தடவிப் பாருங்கள். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிப் பெல்ட் விட்டுப்போன டயர் பேலன்ஸ் இயந்திரத்தில் பூஜ்யம் காட்டிவிட்டு ரோட்டில் ஆடும். அழுத்தம் கொடுத்துச் சுழற்றிப் பார்க்கும் வகை இயந்திரம் இருக்கும் கடையில்தான் அது பிடிபடும்.

பெரிய டயர் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டயர் கனத்தால் சுழலும்போது சேரும் சக்தியும் கூடுகிறது. ரிம் வெளியே தள்ளி உட்கார்ந்தால் ரோடு தரும் தட்டு ஸ்டியரிங் அச்சிலிருந்து விலகி விழுகிறது. நெம்புகோலின் கை நீண்டுவிடுகிறது. கம்பெனி டயரில் வெளியே தெரியாத பிளே, இந்த டயரில் உதறலாக வெளிவரும். பழைய கம்பெனி சக்கரங்களை இரவல் வாங்கியாவது ஒருநாள் போட்டு ஓட்டிப் பார்த்தால் நிறையப் புரியும்.

அலைன்மெண்ட்: எப்போது உதவும், எப்போது வீண்

தேய்ந்த மூட்டுகளோடு அலைன்மெண்ட் பார்ப்பது வீண் செலவு. இயந்திரத்தில் நிற்கும்போது மூட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்த அளவுதான் காகிதத்தில் வரும். ரோட்டில் அது இன்னொரு பக்கம் சாயும். ஆகவே இது பழுதுபார்த்த பிறகு செய்வது.

ஒரு விதிவிலக்கு, உயர்த்தப்பட்ட வண்டி. ஸ்பிரிங்கை உயர்த்தினால் ஆக்சில் தன்னைச் சாசிஸோடு பிடிக்கும் கைகளின் முனையில் சுழன்று முன்பக்கம் சாய்கிறது. அதனால் காஸ்டர் குறைகிறது. கைகளின் நீளத்தைப் பொறுத்து ஒரு அங்குல உயர்வுக்குச் சுமார் ஒரு டிகிரி போகலாம். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வரும் குணம் காஸ்டரில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட பல வண்டிகளில் 3 முதல் 5 டிகிரி வரை இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவைப் புத்தகத்தில் பாருங்கள். உயர்த்திய நாளிலிருந்துதான் உதறல் என்றால் அலைன்மெண்ட் காகிதம் முதல் சாட்சி. ஆனால் காஸ்டரைக் கூட்டக் கூட்ட நல்லது என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறிய காஸ்டரும் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டத் தூண்டும். டோ-இன், அதாவது இரண்டு சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி இருப்பது, சில மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். வெளிநோக்கித் திறந்திருந்தால் இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் அலையும்.

ஆட்டத்தைத் தேடிப் பிடிப்பது

என் பார்வையில் பணத்துக்கு அதிகம் பலன் தருவது இதுதான். ஒரு உதவியாளும் ஒரு டார்ச்சும் வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும், ஜாக்கி வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்து எஞ்சினை ஓட விடுங்கள், பவர் ஸ்டியரிங் வேலை செய்யட்டும். உதவியாள் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கால் சுற்றுக்குள் வேகமாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். டயர் சறுக்காத அளவு போதும். நீங்கள் கீழே படுத்து, கம்பி ஒன்றையொன்று தொடும் ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். இரண்டு பாகங்கள் ஒன்றாக நகர வேண்டிய இடத்தில் ஒன்று முன்னே போய் இன்னொன்று தாமதமாகப் பின்னே வந்தால் அங்கே பிளே இருக்கிறது. விரலை மூட்டின் மேல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத பிளேயும் டக் என்று உறைக்கும். நசுங்கும் இடத்தில் விரலை நுழைக்காதீர்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுச் செய்தால் இந்தச் சோதனை பாதி பொய் சொல்லும். டயர் தரையைப் பிடித்திருந்தால்தான் மூட்டுகளின் மேல் உண்மையான பாரம் விழும்.

முதலில் பான்ஹார்ட் ராடு. டிராக் பார் என்றும் சொல்வார்கள். டிராக் லிங்க் வேறு, அது ஸ்டியரிங் பெட்டியின் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி. பான்ஹார்ட் ராடின் ஒரு முனை சாசிஸில், மறு முனை ஆக்சிலில். காயில் ஸ்பிரிங் வைத்த ஒரே ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைப்பது இது ஒன்றுதான். இதில் ஒரு மில்லிமீட்டர் பிளே இருந்தால் முழு ஆக்சிலும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது என்று பொருள். நான் கை வைக்கும் முதல் இடம் இதன் சாசிஸ் பக்க முனை. 1994 முதல் 2002 வரையிலான ராம் 2500-இல் அந்த முனையில் பால் ஜாயிண்ட் இருந்தது. அது தேய்ந்துபோகிறது என்று பலர் பின்னால் வந்த மாடலின் புஷ் வகைக்கு மாறினார்கள்.

ராடு புதிதாக இருந்தும் பிளே தெரிந்தால் போல்ட்டு ஓட்டையைப் பாருங்கள். தளர்ந்த போல்ட்டோடு கொஞ்ச காலம் ஓடிய வண்டியில் ஓட்டை வட்டமாக இருக்காது, முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருக்கும். அதில் எத்தனை புது ராடு போட்டாலும் வீண். பிராக்கெட்டை மாற்ற வேண்டும், அல்லது தெரிந்த வெல்டர் கனமான வாஷர் வைத்து ஓட்டையைச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இது கவனிக்கப்படாமல் போவதால்தான் ‘எல்லாம் மாற்றியாகிவிட்டது, இன்னும் உதறுகிறது’ என்ற புலம்பல் பாதி இடங்களில் வருகிறது.

இந்தப் போல்ட்டை இறுக்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கனரக பிக்கப்புகளில் இதற்கான டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) சில நூறு நியூட்டன் மீட்டர் வரை போகும். கைப்பழக்கத்தில் இறுக்கினால் போதாது; புத்தக அளவைப் பார்த்து டார்க் ரெஞ்சில்தான் இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ளதென்றால் கடைசி இறுக்கு சக்கரங்கள் தரையில் இருக்கும்போது, வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது நடக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கிவிட்டு இறக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு, சீக்கிரம் கிழியும்.

அடுத்தது டை ராடு எண்டுகள், டிராக் லிங்க் முனைகள். மேலே சொன்ன ஆட்டலிலேயே இவையும் தெரிந்துவிடும். பால் ஜாயிண்ட்டுக்கு மட்டும் ஜாக்கி வேண்டும். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டும் போட்டு, டயருக்கு அடியில் ஒரு நீளமான லிவரை விட்டு மேலே நெம்புங்கள். நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) மேலும் கீழும் தத்தினால் பால் ஜாயிண்ட் போயிற்று. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது பிளே தெரிந்தால் உதவியாளிடம் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிளே மறைந்தால் ஹப் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். சில வண்டிகளுக்குக் கம்பெனியே கொஞ்சம் பிளேயை அனுமதிக்கிறது, அந்த எண்ணைப் பார்க்காமல் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஆக்சிலை முன்னும் பின்னும் பிடிக்கும் கைகளின் புஷ், ஸ்டியரிங் பெட்டி சாசிஸில் உட்காரும் போல்ட்டுகள், அந்த இடத்தில் சாசிஸில் மயிரிழை விரிசல், இவற்றையும் டார்ச்சு அடித்துப் பாருங்கள். ஸ்டியரிங் பெட்டியின் மேலே உள்ள திருகை முறுக்கி ஆட்டத்தைக் குறைப்பது ஒரு பழக்கம். கொஞ்சம் கூடினாலும் பெட்டி பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் நேருக்குத் திரும்பாது. மற்றதெல்லாம் சரியாக இருந்து, பெட்டியின் உள்ளேதான் பிளே என்று உறுதியான பிறகே அதைத் தொட வேண்டும்.

லேண்ட் குரூசர் 70 போல பால் ஜாயிண்ட்டுக்குப் பதிலாகக் கிங் பின் பேரிங் உள்ள வண்டிகளில் தேடும் இடம் மாறும். அங்கே மேலும் கீழும் உள்ள பேரிங்குகளின் இறுக்கம் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து அளந்து அமைக்கப்படுகிறது. கம்பிகளைக் கழற்றிவிட்டு, நக்கிளைத் திருப்ப எவ்வளவு இழுவிசை வேண்டும் என்று ஸ்பிரிங் தராசால் அளப்பார்கள். இழுவை மிகக் குறைவாக இருந்தால் உதறலைத் தின்ன வேண்டிய உராய்வு போய்விட்டது என்று பொருள். முன்பக்கம் பட்டை ஸ்பிரிங் வைத்த வண்டிகளில் ஷாக்கிள் புஷ்ஷும் யூ போல்ட்டுகளும் முதலில் வரும்.

முழுக் கிட்டா, தேய்ந்ததை மட்டுமா

எல்லா மூட்டுகளையும் ஒரே நேரத்தில் மாற்றும் கிட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. வண்டி நிறைய ஓடியிருந்தால், ஒரு மூட்டு போயிருக்கும்போது மற்றவையும் அதே வயசுதான். கழற்றும் கூலியும் அலைன்மெண்ட் கூலியும் ஒருமுறையோடு போகும். லோடு அடிக்கும் வண்டி, ஒவ்வொரு நாள் நின்றாலும் நஷ்டம் என்றால் இது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் பார்க்காமல் கிட் வாங்கும் ஆளுக்கு அந்த முட்டை வடிவ ஓட்டைக்குத் தீர்வு கிட்டில் வராது, விரிசலும் வராது, பெல்ட் விட்ட டயரும் வராது. மலிவான எண்டுகள் நிறைந்த முழுக் கிட்டைவிட, உண்மையில் தேய்ந்த இரண்டு மூட்டுக்குத் தரமான சாமான் போடுவதையே நான் தேர்வு செய்வேன்.

கம்பி அமைப்பையே மாற்றுவது வேறு கேள்வி. 2003 முதல் 2008 வரையிலான ராம்களில் கம்பிகள் தலைகீழ் ஒய் எழுத்து மாதிரி அமைந்திருந்தன. பெட்டியிலிருந்து வரும் நீளமான டிராக் லிங்க் நேராக வலது நக்கிளுக்குப் போகும். இடது பக்கக் கம்பி அந்த லிங்க்கின் நடுவில் வந்து ஒட்டும். ஸ்பிரிங் அமுங்கி எழும்போதெல்லாம் கோணம் மாறி டோ தானாக மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து வந்த அமைப்பில் ஒரே டை ராடு ஒரு நக்கிளிலிருந்து மறு நக்கிள் வரை நேராகப் போகிறது. டிராக் லிங்க் தனியாக வந்து சேர்கிறது. ஸ்பிரிங் எப்படி ஆடினாலும் டோ மாறாது. பழைய ஒய் அமைப்புள்ள வண்டியில் எப்படியும் கம்பிகள் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தால், அதே பழையதை வாங்காமல் புது அமைப்புக்கு மாறுவது புத்திசாலித்தனம். நல்ல நிலையில் இருக்கும் கம்பிகளை இதற்காகவே கழற்றி எறிவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உயர்த்திய வண்டி வைத்திருப்பவர்கள்

இவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, உயர்த்தியதை முறையாக முடிப்பது. காஸ்டரை மீட்கும் புஷ் அல்லது கைகள், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு, அதன் சாசிஸ் பக்கப் பிராக்கெட். இங்கே ஒரு விதி உண்டு. பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்க்கும் முன்னால் நின்று பார்க்கும்போது ஒரே சாய்வில் இருக்க வேண்டும். டிராக் லிங்க்கின் கோணத்தைக் குறைக்கப் பெட்டியின் கையை மட்டும் கீழே இறங்கும் வகைக்கு மாற்றி, பான்ஹார்ட் ராடை அப்படியே விட்டால் இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் நகரும். மேடு ஏறும்போது ஸ்டியரிங் தொடாமலே வண்டி திரும்பும். ஏற்கனவே உதறக் காத்திருக்கும் முன்பக்கத்துக்கு அது ஒரு கூடுதல் தூண்டல்.

இன்னொரு வழி, உயரத்தைக் குறைத்துப் பழைய அளவு டயருக்குத் திரும்புவது. இதை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் வேலைக்கு ஓடும் வண்டிக்கு, சாமான் வாங்கி வாங்கிச் சலித்தவருக்கு, மொத்தச் செலவில் குறைவாக முடிவது பல நேரம் இதுதான். இரண்டு வழிக்கும் நடுவே, உயர்த்தியும் இருக்கட்டும், காஸ்டரும் அப்படியே இருக்கட்டும், டாம்பரை மட்டும் தடிமனாக்குவோம் என்பது மோசமான முடிவு. துரதிருஷ்டவசமாக அதிகம் பேர் எடுக்கும் முடிவும் அதுவே.

எந்த வண்டிக்கு எது

உதறல் புதிதாக, டயர் மாற்றிய அடுத்த வாரம் வந்தால் டயர் கடைக்கே திரும்பப் போங்கள். ஆனால் பிளே இல்லாத முன்பக்கம் சுமாரான டயரையும் தாங்கும் என்பதை நினைவில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை ஆட்டி மூட்டுகளைப் பாருங்கள். வண்டி உயரம் கூட்டாமல், கம்பெனி டயரோடு, நிறைய ஓடியிருந்தால் பான்ஹார்ட் ராடிலிருந்து ஆரம்பித்து மூட்டு மூட்டாகத் தேடுங்கள். அலைன்மெண்ட் அதற்குப் பிறகு, டாம்பர் அதற்கும் பிறகு. பயன்படுத்திய வண்டி வாங்கப் போகிறீர்கள், அதில் மட்டும் பளபளவென்று புது டாம்பர், சுற்றியுள்ள மூட்டுகள் எல்லாம் துருவும் கிரீஸும் என்றால் விலை பேசும் முன் கீழே படுத்துப் பாருங்கள். கையில் பணம் இல்லை, ஆனால் வண்டி ஓடியே ஆக வேண்டும் என்ற நிலையில் டாம்பரை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டுவேன் என்பவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பால் ஜாயிண்ட்டிலும் டை ராடு எண்டிலும் பிளே இல்லை என்று லிவர் போட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். பான்ஹார்ட் புஷ் தேய்வது தொல்லை; அந்த இரண்டில் ஒன்று கழல்வது சக்கரம் சொல் பேச்சுக் கேட்காமல் போவது.

வேலை முடிந்ததும் உதறல் எந்த வேகத்தில், எந்த மாதிரித் தட்டில் வந்ததோ, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், குறைந்த வேகத்திலிருந்து படிப்படியாக ஏற்றி அதே மாதிரித் தட்டில் ஓட்டிப் பாருங்கள். பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பான்ஹார்ட் ராடின் இரண்டு போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கிப் பாருங்கள். ரெஞ்ச் க்ளிக் சொல்லும் முன் போல்ட்டு நகர்ந்தால், அதைக் கழற்றி ஓட்டையை இன்னொரு முறை பாருங்கள்.